படகில் வரும் தலைவலி: அலையின் ஆட்டமா, நச்சு வாயுவா?

படகுப் பயணத்திற்குப் புறப்படும் குடும்பத்தார் நீந்தத் தெரியுமா, உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா, மழை வருமா என்பவற்றையெல்லாம் கேட்டறிகின்றனர். படகில் தாம் சுவாசிக்கப்போகும் காற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நாற்புறமும் நீரும் மேலே வானமும் விரிந்திருக்கும் இடத்தில் நல்ல காற்றுக்கு என்ன குறை என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் எரிபொருளால் இயங்கும் இன்ஜினோ, ஜெனரேட்டரோ, அடுப்போ உள்ள ஒவ்வொரு படகிலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அது வெளியேற வழியின்றித் தேங்கினால் சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்க வல்லது.

இந்நச்சின் தொடக்க அறிகுறிகள் படகின் ஆட்டத்தால் வரும் குமட்டலையும் தலைச்சுற்றலையும் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆகவே பாதிக்கப்பட்டவர், சிறிது நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி அறைக்குள் சென்று கதவை மூடிக்கொள்கிறார். நச்சு நிறைந்திருக்கும் இடமே பல வேளைகளில் அந்த அறையாக இருக்கிறது. உடனிருப்பவர் ஒருவருக்கு உரிய நேரத்தில் ஐயம் எழுந்தால் போதும், ஒரு குடும்பமே காப்பாற்றப்படும். அந்த ஐயம் எப்போது எழ வேண்டும், எழுந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

நிறமும் மணமும் அற்ற நஞ்சு

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு, கரி, விறகு ஆகிய அனைத்திலும் கார்பன் உள்ளது. இவை போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையோ தொண்டையையோ இது உறுத்துவதுமில்லை. இன்ஜின் புகையில் நாம் உணரும் நெடி அதிலுள்ள பிற பொருள்களுக்கு உரியது. எனவே நெடி வரவில்லை என்பதால் நச்சு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் கார்பன் மோனாக்சைடு அதனோடு ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் அமர வேண்டிய இடங்களை இவ்வாறு நச்சு பிடித்துக்கொள்வதோடு, எஞ்சியிருக்கும் ஆக்சிஜனும் திசுக்களுக்கு எளிதில் கிடைக்காமல் போகிறது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் தவிப்பவை மூளையும் இதயமும் ஆகும். மேலும் இவ்வாயு செல்களுக்குள்ளும் புகுந்து அவை ஆற்றல் பெறும் முறையையே குலைக்கிறது. இரத்தத்திலிருந்து நச்சு நீங்கிய பின்னரும் சிலருக்குப் பாதிப்பு தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

திறந்த நீர்வெளியில் நச்சு தேங்குவது எப்படி?

முதல் வழி கசிவு. இன்ஜினின் புகைக்குழாய் இடைவிடாத அதிர்வாலும், கடல்நீரின் உப்பாலும் காலப்போக்கில் துருப்பிடிக்கிறது, இணைப்புகள் தளர்கின்றன. அங்கிருந்து கசியும் வாயு பலகை இடுக்குகள், மின்கம்பி செல்லும் துளைகள் ஆகியவற்றின் வழியே மேலுள்ள அறைக்கு வந்து சேர்கிறது.

இரண்டாவது வழி பலரும் அறியாதது. படகு முன்னோக்கிச் செல்லும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் சற்றுக் குறைகிறது. அப்போது பின்னால் வெளியேறும் புகை, படகை விட்டு விலகிச் செல்லாமல் படகுக்குள்ளேயே இழுக்கப்படுகிறது. மழைக்காகவோ வெயிலுக்காகவோ பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி, பின்புறத்தை மட்டும் திறந்து வைத்திருக்கும் படகுகளில் இந்த ஆபத்து மிகுதி. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே முதலில் இக்காற்றைச் சுவாசிக்கின்றனர்.

மூன்றாவது, பக்கத்துப் படகு. துறையில் படகுகள் நெருங்கி நிற்கும்போது ஒரு படகின் ஜெனரேட்டர் புகை அடுத்த படகின் ஜன்னல் வழியே நுழைகிறது. தம் படகில் எதுவும் ஓடாதபோதும் அதில் உறங்குவோர் பாதிக்கப்படலாம்.

நான்காவது, படகின் பின்புறத்தில் நீரில் இறங்கி ஏறுவதற்கென அமைத்திருக்கும் மேடை. இம்மேடையின் அடியிலுள்ள வெற்றிடத்தில் புகை வந்து தங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களுக்கு இடையிலுள்ள பவல் ஏரியில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடந்த துயரமே இதை உலகறியச் செய்தது. 8, 11 வயதுடைய சகோதரர் இருவர், படகு வீட்டின் பின்மேடைக்கு அடியிலிருந்த வெற்றிடத்திற்குள் நீந்திச் சென்றனர். ஜெனரேட்டரின் புகை அங்கேதான் வெளியேறிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் இருவரும் நினைவிழந்து நீரில் மூழ்கி இறந்தனர்.

இதன்பின் அந்நாட்டின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் அவ்வகைப் படகுகளில் காற்றை அளந்து பார்த்தனர். பத்து லட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தாலே அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்டுள்ளது. மேடைக்கு அடியிலோ அது 30,000 பங்கு வரை இருந்தது. அத்தகைய காற்றைச் சில முறை உள்ளிழுத்தாலே நினைவு தப்பிவிடும். பழைய பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 1990 முதல் 2000 வரை அந்த ஓர் ஏரியில் மட்டும் 111 பேர் இந்நச்சுக்கு ஆளாகியிருந்தது தெரியவந்தது. அவர்களுள் 74 பேர் படகு வீடுகளில் பாதிக்கப்பட்டவர்கள். நீரில் மூழ்கி இறந்தவரின் இரத்தத்தைப் பரிசோதிக்காவிட்டால் அவரை மூழ்கச் செய்தது எது என்பது வெளிப்படுவதேயில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர், ஓடிக்கொண்டிருக்கும் படகின் அருகே திடீரென மூழ்கினால் இந்நச்சையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மூடிய அறையின் ஆபத்துக்கு இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் நடந்த நிகழ்வு சான்றாகும். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அங்கு ஓர் உல்லாசப் படகில் தங்கியிருந்த தாயும் அவருடைய 10 வயது மகளும் இந்நச்சால் இறந்தனர். வெளியில் வைத்து இயக்க வேண்டிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் படகின் இன்ஜின் அறைக்குள் பொருத்தி, தாமே அமைத்த குழாயின் வழியே புகையை வெளியேற்ற முயன்றிருந்தனர். அந்த இணைப்பு கழன்றதால் புகை முழுவதும் உள்ளேயே தங்கியது. நச்சு வாயுவைக் கண்டறியும் கருவி அப்படகில் இருந்தது. ஆனால் அதற்குரிய மின்இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

நம் பகுதியிலும் இதே சூழல்கள் உள்ளன. ஆலப்புழை, குமரகம் காயல்களின் படகு வீடுகளில் இரவு தங்கிவரும் தமிழகக் குடும்பங்கள் பல. குளிர்சாதன வசதியுள்ள அறைகளுக்கு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் வருகிறது. கதவையும் ஜன்னல்களையும் மூடிக்கொண்டு விருந்தினர் உறங்குகின்றனர். ஆழ்கடலில் பல நாள்கள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகளில் இன்ஜின் அறைக்கு அருகிலேயே தொழிலாளர்கள் சமைத்து, உண்டு, உறங்குகின்றனர். பெட்ரோல் இன்ஜினைக் காட்டிலும் டீசல் இன்ஜின் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு பொதுவாகக் குறைவே. எனினும் பராமரிப்பற்ற இன்ஜினும் மூடிய இடமும் சேர்ந்தால் அதுவும் தீங்கு விளைவிக்கும்.

கரி அடுப்பைப் பற்றியும் ஒரு சொல். தணல் அடங்கி, சாம்பல் பூத்து, அணைந்துவிட்டது போலத் தோன்றும் கரியிலிருந்தும் இவ்வாயு தொடர்ந்து வெளியேறும். இரவுக் குளிருக்காகவோ, மழையில் நனையாதிருக்கவோ அதை அறைக்குள் எடுத்து வைக்கவே கூடாது.

அறிகுறிகள் ஏன் ஏமாற்றுகின்றன?

முதலில் தலைவலி, பின்னர் தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, உடற்சோர்வு, மூச்சுத்திணறல், மனக்குழப்பம், தள்ளாட்டம், நினைவிழப்பு என்று இந்நச்சு படிப்படியாக வெளிப்படுகிறது. இவற்றைக் கடற்பயணத்தின் ஒவ்வாமை என்றோ, வெயிலின் தாக்கம் என்றோ, உணவின் கோளாறு என்றோ, மதுவின் மயக்கம் என்றோ எளிதில் தவறாகக் கருதிவிடுகிறோம். உறக்கத்தில் இருப்பவர் எந்த அறிகுறியையும் உணராமலேயே நினைவிழக்கக்கூடும். நூல்களில் சொல்லப்படும் தோலின் செந்நிறம் உயிருடன் இருப்போரிடம் அரிதாகவே காணப்படுகிறது. அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

கீழ்க்காண்பவற்றுள் எது இருந்தாலும் நச்சு வாயுவைச் சந்தேகிக்க வேண்டுகிறோம்:

• ஒரே அறையில் அல்லது படகின் ஒரே பகுதியில் இருந்த இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ ஏறத்தாழ ஒரே நேரத்தில் தலைவலியோ குமட்டலோ வருதல்.

• அலையே இல்லாத நீரில், கட்டி நிறுத்திய படகில் தலைச்சுற்றல் ஏற்படுதல்.

• கடலிலேயே பழகிய, ஒருபோதும் குமட்டல் வராத மீனவருக்கு அது வருதல்.

• காய்ச்சல் இல்லாமலே தலைவலியும் சோர்வும் மிகுதல். பேச்சிலோ நடையிலோ தடுமாற்றம் தென்படுதல்.

• இன்ஜின், ஜெனரேட்டர் அல்லது அடுப்பு ஓடத் தொடங்கிய பின் இத்தொல்லைகள் தொடங்குதல்.

மேல்தளத்திற்கு வந்து நல்ல காற்றைச் சுவாசித்தவுடன் உடல் தேறுவது நச்சிலும் நிகழும், சாதாரணக் குமட்டலிலும் நிகழும். ஆகவே தேறிவிட்டார் என்பதைக் காரணமாகக் கொண்டு அவரை மீண்டும் அறைக்குள் படுக்க அனுப்புதல் கூடாது.

கருவுற்ற பெண்கள், குழந்தைகள், முதியோர், இதய நோயாளிகள், நுரையீரல் நோயாளிகள், இரத்தசோகை உள்ளோர் ஆகியோர் குறைந்த அளவு நச்சிலேயே பெரும் பாதிப்பை அடைகின்றனர். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் நச்சும் அவர்களுள் விரைவாக ஏறுகிறது. கருவிலுள்ள சிசுவின் ஹீமோகுளோபின் இவ்வாயுவை இன்னும் இறுகப் பற்றுகிறது. தாயைவிடச் சிசுவிடமிருந்து அது நீங்குவதற்கு நீண்ட நேரமாகும். தாய் நலமாகத் தோன்றினாலும் கருவுற்றவரைக் கட்டாயம் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும்.

விரலில் மாட்டும் கருவியை நம்பலாமா?

கோவிட் காலத்திற்குப் பின் பலர் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவியைக் கையோடு வைத்திருக்கின்றனர். வேறு பல நோய்களில் அது நல்ல துணை. இந்நச்சில் மட்டும் அது பொய்யான ஆறுதலைத் தருகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் சாதாரண ஆக்சிமீட்டரால் வேறுபடுத்த இயலாது. நச்சால் மூச்சுத் திணறும் ஒருவரின் விரலில் அது 98 என்றோ 99 என்றோ காட்டக்கூடும். அந்த எண்ணைக் கண்டு எவரும் காலம் தாழ்த்தலாகாது. உண்மையான அளவை அறிய, கோ-ஆக்சிமீட்டர் என்னும் கருவியில் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

1. அனைவரையும் திறந்த காற்றுக்கு அழைத்து வருக. உறங்குவோரையும் எழுப்பி, எண்ணிச் சரிபார்த்துக்கொள்க.

2. ஜெனரேட்டர், அடுப்பு ஆகியவற்றை உடனே நிறுத்துக. கரை சேர இன்ஜின் தேவையெனில் கதவு, ஜன்னல், தார்ப்பாய் அனைத்தையும் திறந்து, புகை வரும் பக்கத்தைத் தவிர்த்து அனைவரையும் அமர்த்துக.

3. படகின் பின்புற நீரில் எவரேனும் நினைவிழந்திருந்தால், இன்ஜினை நிறுத்திய பின்னரே அருகில் செல்க. காப்பாற்றச் செல்பவரும் அதே நச்சைச் சுவாசித்து மூழ்க நேரிடும்.

4. மூடிய அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாயாதீர்கள். முதலில் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துக. பிறருக்குக் குரல் கொடுத்த பின்னரே செயல்படுக. கழிவு அழுகி வேறு நச்சு வாயு உண்டாகும் மீன் அறைக்குள், உரிய சுவாசக் கருவியின்றி எக்காரணத்தாலும் இறங்க வேண்டாம்.

5. மூச்சோ நாடித்துடிப்போ இல்லையெனில், பயிற்சி பெற்றவர் செயற்கைச் சுவாசமும் இதய அழுத்த முதலுதவியும் தொடங்க வேண்டும்.

6. கரையில் இருந்தால் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். கடலில் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையோ வயர்லெஸ் கருவியையோ பயன்படுத்தவும்.

7. அறிகுறி உள்ளவர் மட்டுமின்றி, அதே காற்றைச் சுவாசித்த அனைவரும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவலி, வாந்தி என்று வருவோர் பலர். அவர்களுள் இந்நச்சுக்கு ஆளானவரை வெறும் தோற்றத்தால் பிரித்தறிவது கடினம். நீங்கள் சொல்லும் விவரமே எங்களுக்கு முதல் வழிகாட்டி. "படகில் இருந்தோம், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வேறு இருவருக்கும் தலைவலி வந்தது" என்ற ஒரே வாக்கியம் எங்கள் சிந்தனையை உரிய திசைக்குத் திருப்பிவிடும். எப்போது வெளியே வந்தீர்கள், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீர்கள், நினைவு தப்பியதா, வரும் வழியில் ஆக்சிஜன் தரப்பட்டதா என்பவற்றையும் தெரிவிக்க வேண்டும். வழியில் ஆக்சிஜன் பெற்றவரின் இரத்தத்தில் நச்சின் அளவு குறைந்து காணப்படும். அதைக் கொண்டு பாதிப்பு சிறியது என்று கருத முடியாது.

சிகிச்சையின் அடிப்படை தூய ஆக்சிஜன். இறுக்கமாகப் பொருந்தும் முகமூடி வழியே அது தரப்படுகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் இரத்தத்தில் நச்சு பாதியாகக் குறைவதற்கு 4 முதல் 5 மணி நேரம் ஆகிறது. தூய ஆக்சிஜன் தந்தால் அது சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்குகிறது. ஆகவே நோயாளி தேறிவிட்டதாக உணர்ந்தாலும், முகமூடியைக் கழற்றிவிடாமல் மருத்துவர் கூறும் வரை அணிந்திருக்குமாறு உடனிருப்போர் பார்த்துக்கொள்ள வேண்டும். இதயம் பாதிக்கப்பட்டுள்ளதா என்பதை அறிய ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்யப்படும். நினைவிழந்தவர்கள், நரம்புக் கோளாறு தென்படுவோர், கருவுற்றோர் ஆகியோரில் சிலருக்கு உயர் அழுத்த அறையில் ஆக்சிஜன் தருவது குறித்து மருத்துவர் ஆராய்வார். அவ்வறையில் நச்சின் அளவு அரைமணி நேரத்திற்குள்ளாகவே பாதியாகக் குறையும். இவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. அதற்காக வேறிடம் செல்ல நேர்ந்தாலும் ஆக்சிஜன் முகமூடி இடையில் நிற்கலாகாது.

வீடு திரும்பிய பின் கவனிக்க வேண்டியவை

முற்றிலும் குணமடைந்து வீடு சென்ற சிலருக்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை கழிந்தபின் மூளை சார்ந்த தொல்லைகள் தோன்றலாம். மறதி, கவனக்குறைவு, எரிச்சல், மனச்சோர்வு, முன்பில்லாத குணமாற்றம், நடையில் தடுமாற்றம், கைகால் நடுக்கம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன அவற்றுள் சில. பாதிக்கப்பட்டவர் தம்மிடம் நேர்ந்த மாற்றத்தைத் தாமே அறியாமலிருப்பதுண்டு. வீட்டிலுள்ளோரே முதலில் காண்கின்றனர். பழகிய கணக்கில் தவறுவது, அடுப்பை அணைக்க மறப்பது, பேச்சில் ஆர்வமின்றி ஒதுங்குவது போன்றவற்றை வயது, களைப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குறைந்தது ஆறு வாரம் வரை இந்தக் கவனிப்பு தேவை. அக்காலத்தில் புகைபிடித்தலைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் சிகரெட், பீடிப் புகையிலும் இதே வாயு உள்ளது. மீண்டும் வண்டி ஓட்டுவதையும், கடலுக்குச் செல்வதையும், கடின உழைப்பையும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கலாம்.

படகில் ஏறும் முன்

முன்னொரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் இவ்வாயுவை அறியக் கூண்டில் கேனரிப் பறவையை எடுத்துச் சென்றனர். அது சோர்ந்து விழுந்தால் வெளியேறினர். இன்று அப்பணியை ஒரு சிறு மின்னணுக் கருவி செய்கிறது. இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்வழிகளில் அறைகள் உள்ள பெரும்பாலான படகுகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பேட்டரியில் இயங்கும் கருவியை நாமும் பயணப்பையில் எடுத்துச் செல்லலாம். தீப்புகையை உணரும் கருவி வேறு, இது வேறு; ஒன்று மற்றொன்றின் பணியைச் செய்யாது. படகுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதை வாங்கி, உறங்கும் அறையில் வைத்து, பொத்தானை அழுத்திச் சோதித்து, அதில் அச்சிட்டுள்ள காலாவதி நாளையும் பார்க்க வேண்டும்.

படகு வீட்டில் தங்குவோர் உரிமையாளரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை சில: ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? அதன் புகை எந்தப் பக்கம் வெளியேறுகிறது? இரவு முழுவதும் அது ஓடுமா? அறையில் எச்சரிக்கைக் கருவி உள்ளதா? ஜெனரேட்டர் ஓடும்போது அறையில் காற்றோட்டத்திற்கு வழி இருக்க வேண்டும். ஆனால் புகை வெளியேறும் பக்கத்து ஜன்னலைத் திறக்கக் கூடாது. இயங்கும் பிற படகுகளிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளலாம். இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின்மேடையில் அமரவும், அதன் அருகே நீந்தவும், அதைப் பிடித்துக்கொண்டு நீரில் மிதந்து வரவும் குழந்தைகளை ஒருபோதும் விடக் கூடாது.

விசைப்படகு உரிமையாளர்கள் கடலுக்குச் செல்லும் முன் புகைக்குழாயின் இணைப்புகளைச் சோதிப்பதும், துருப்பிடித்த பகுதியைத் துணி சுற்றிச் சமாளிக்காமல் மாற்றுவதும், இன்ஜின் அறைக்கும் உறங்கும் இடத்திற்கும் இடையிலுள்ள துளைகளை அடைப்பதும் தொழிலாளர்களின் உயிரைக் காக்கும். வெளியில் வைத்து இயக்கும் சிறு பெட்ரோல் ஜெனரேட்டரைப் படகின் உள்ளே வைக்கவே கூடாது.

இப்பக்கத்தைப் படித்தவர்கள், விடுமுறைக்குப் புறப்படும் உறவினரிடமும் கடலுக்குச் செல்லும் நண்பரிடமும் ஒரு செய்தியை மட்டும் சொல்லி அனுப்புமாறு வேண்டுகிறோம்: படகில் இருவருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்தால், மாத்திரையைத் தேடுவதற்கு முன் அனைவரும் வெளியே வந்துவிட வேண்டும்.